வயலில் கிடைத்த பிள்ளை

திருப்பாணாழ்வார் உறையூரில் ஒரு நெல்வயலில் கிடந்தாராம். எந்தப் பெண் வயிற்றிலும் பிறக்கவில்லையாம். 'அயோநிஜர்' என்று குருபரம்பரைக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளையில்லாத பாணர் தம்பதி ஒன்று எடுத்து வளர்த்தது. வளர்ந்தவர் காவிரித் தென்கரையில் நின்று யாழோடு பாடினார். உலோகசாரங்க முனிவர் கல்லால் அடித்தார். அரங்கன் கனவில் வந்து கண்டித்தான். முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சீரங்கம் போனார். அதனால் முனிவாகனர் என்று பெயர். பத்துப் பாசுரம் பாடினார். பெருமாளோடு கலந்துவிட்டார்.

அந்தக் கல்லைப் பற்றியும் தோளைப் பற்றியும் நம்மவர்கள் நிறையப் பேசியாயிற்று. கோயிலுக்குள் போன பாணன் திரும்பி வரவே இல்லை என்பதையும், நந்தனோடு சேர்த்து வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாயிற்று. எனக்கு இங்கே வேண்டிய ஆள் வேறு. உறையூரில் அந்தப் பாணன் வீட்டில் இருந்த பெண். அவளுக்குப் பெயர் சொல்லப்படவில்லை. பிள்ளையை எடுத்தாள், வளர்த்தாள், அத்தோடு கதை அவளைக் கைகழுவிவிடுகிறது. தென்கரையில் கல்லடி பட்டது அவளுக்குத் தெரியுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகன் போய்த் திரும்பவில்லை என்பதை யார் வந்து சொன்னார்கள்? 'கலந்துவிட்டான்' என்ற சொல்லைக் கேட்டு ஒரு தாய் என்ன செய்வாள்? மோட்சம் என்று சந்தோஷப்படுவாளா, ஆற்றங்கரைக்கு ஓடுவாளா?

இலக்கியத்தில் இப்படிப்பட்ட பெண்களைத் துணைப்பாத்திரம் என்கிறோம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் பாத்திரப் படைப்பு என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி வரும். கண்ணகி, மாதவி, சீதை, கைகேயி, மிஞ்சிப்போனால் கூனி. துணைக்கும் துணையாக நிற்கிறவளுக்கு ரெண்டு மதிப்பெண்கூடக் கிடையாது.

இவர்களை எடுத்து மறுபடி எழுதுவது ஒன்றும் புதிய காரியம் இல்லை. புதுமைப்பித்தன் 1943லேயே 'சாபவிமோசனம்' எழுதி, சீதையை ராமன் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகையை மறுபடியும் கல்லாக்கினார். ஆங்கிலத்தில் ஜீன் ரீஸ் 1966இல், 'ஜேன் அயர்' நாவலின் மாடியறையில் அடைபட்டுக் கிடந்த பைத்தியக்காரிக்கு ஒரு முழு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தார். மகாசுவேதா தேவி, அரக்கு மாளிகையில் பாண்டவர்களுக்குப் பதிலாக எரிந்துபோன நிஷாதப் பெண்ணையும் அவளுடைய ஐந்து மக்களையும் விடாமல் பிடித்துக்கொண்டு, வயதான குந்தியைக் காட்டில் அந்தக் குடும்பத்து மருமகள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த மூன்றில் எனக்கு மிக நெருக்கமானது கடைசிக் கதைதான். குந்திக்கு அந்தக் கொலை ஞாபகமே இல்லை என்பதில்தான் அதன் கூர்மை இருக்கிறது. அகலிகை ரிஷிபத்தினி, அவள் கல்லானாலும் அவளுக்கொரு சாபம், ஒரு விமோசனம், ஒரு கதை உண்டு. நிஷாதப் பெண்ணுக்கு ஒரு பிணத்தின் வேலை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள்.

உறையூர்ப் பாணப் பெண்ணுக்குக் கொடுத்த வேலை வளர்ப்பது. இந்த வேலை அவளுக்கு மட்டும் வந்ததில்லை என்பதைக் கவனித்தால் விஷயம் சிக்கலாகிறது.

திருமழிசையாழ்வார் கதையைப் பாருங்கள். பார்க்கவ முனிவரின் பிள்ளை. மூங்கில் புதரடியில் விடப்பட்டது. பிரம்பறுத்துப் பிழைக்கும் திருவாளன் எடுத்துக்கொண்டு போய் மனைவி பங்கயச்செல்வியிடம் கொடுக்கிறான். இங்கே பெயராவது மிஞ்சியது. ஆனால் அந்தப் பிள்ளை அவளிடம் பால் குடிக்கவில்லை என்கிறது குருபரம்பரை. பிறகு வேளாளர் ஒருவர் கொண்டுவந்த பாலைத்தான் குடித்ததாம். வளர்க்கலாம், ஆனால் பால் உள்ளே போகக்கூடாது! இதை எழுதியவர்களுக்குப் பக்தி இருந்தது, சந்தேகமில்லை. ஆனாலும் எழுத்தாணி பிடித்த கைக்கு எந்த இடத்தில் கூசியது பாருங்கள்.

மதுரைவீரன் கதைக்கு வருவோம். அது நம்ம திருச்சிராப்பள்ளிக் கதை. பொம்மியைத் தூக்கிக்கொண்டு வீரன் வந்து சேர்வதும் வேலை பார்ப்பதும் திருச்சி விசயரங்க சொக்கலிங்கனிடம்தான். கதைப்பாடலின்படி அவன் காசி ராஜாவின் மகன். மாலை சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் போட்டார்கள். சக்கிலியத் தம்பதி எடுத்து வளர்த்தது. பொம்மியின் குச்சுக்குக் காவல் போக வேண்டிய அப்பன் மழையில் போக முடியாமல், மகன் போனான். மற்றது எல்லாருக்கும் தெரியும், மாறுகால் மாறுகை வரைக்கும். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து, யோகானந்த் இயக்கத்தில் படமாக வந்தபோது வளர்த்த அப்பன் ஆத்தாளாக வந்தது என்.எஸ்.கிருஷ்ணனும் திருச்சிக்காரரான டி.ஏ.மதுரமும். நகைச்சுவை ஜோடிக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அழுகைக்கு பொம்மியும் வெள்ளையம்மாளும், வீரத்துக்கு எம்.ஜி.ஆர்., சிரிப்புக்கு வளர்த்தவள். மதுரம் பெரிய கலைஞர், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பாத்திரம் எந்த அடுக்கில் வைக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறேன். நான் பார்த்த மதுரைவீரன் கோயில்களில் வீரனுக்கு இந்தப் பக்கம் பொம்மி, அந்தப் பக்கம் வெள்ளையம்மாள். ஆத்தாளுக்கு ஒரு செங்கல்கூட நட்டுவைத்து நான் பார்த்ததில்லை. நம்ம சனங்க கட்டிய கோயில்களிலேயே இதுதான் நிலைமை.

வீரன் அருந்ததியர் வயிற்றுப் பிள்ளைதான், காசி ராஜா கதை பின்னால் ஒட்டப்பட்டது என்று அருந்ததியர் இயக்கத் தோழர்கள் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார்கள். இது வெறும் ஆசையில் சொல்வது என்று தள்ள முடியாது. முத்துப்பட்டன் கதையில் இதே வேலை நடந்திருப்பதை நா.வானமாமலை காட்டியிருக்கிறார். பொம்மக்காவும் திம்மக்காவும் பழைய வடிவத்தில் வாலப்பகடையின் சொந்த மக்கள். பிந்திய வடிவத்தில் அவர்கள் பிராமணப் பிள்ளைகள் ஆகி, காட்டில் கிடைத்து, சக்கிலியர் வீட்டில் 'வளர்ந்தவர்கள்' ஆகிவிட்டார்கள். ஒரு பிராமணன் சக்கிலியப் பெண்களைக் கட்டிக்கொண்டு செருப்புத் தைத்தான் என்றால் பொறுக்கவில்லை. ரத்தத்தை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இந்த மாற்றத்தில் பட்டனுக்கு நஷ்டமில்லை, பொம்மக்காவுக்குக்கூட ஒரு விதத்தில் பதவி உயர்வு. முழுக்க நஷ்டப்பட்டவள் வாலப்பகடையின் மனைவி. ஒரே திருத்தத்தில் அவள் வயிறு வெறும் வயிறாகிப்போனது.

ஆக, இந்த வகைக் கதைகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. கீழே இருக்கிறவன் வீரனாகவோ ஞானியாகவோ ஆகிவிட்டால் அவன் அங்கே பிறந்திருக்கக் கூடாது. ஆனால் அங்கேதான் வளர்ந்தான் என்பது ஊருக்கே தெரியும், மறைக்க முடியாது. எனவே பெற்ற பெண்ணை வளர்த்த பெண்ணாக மாற்று.

சரி, நாம் திருப்பி எழுதும்போது என்ன செய்வது? கேள்வி இங்கேதான் இருக்கிறது, பார்ப்பதைவிட இது கடினமான கேள்வி.

போன வருஷம் திருச்சியில் கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பெண்களைப் பற்றிக் கதை எழுதிப் பார்த்தோம். ஒரு மாணவி, மதுரைவீரனின் ஆத்தாள் காட்டில் தனியாகப் பிள்ளை பெறுவதாக எழுதினாள். பனிக்குடம் உடைந்தது, தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியது, தோல் அறுக்கும் உளியால் கொடியை அறுத்தாள் என்று எல்லாம் இருந்தது. நல்ல எழுத்து. அந்த மாலை சுற்றிய கொடியை ராஜாவிடமிருந்து பிடுங்கி இவள் வயிற்றில் வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்னொரு மாணவன் எழுந்து, "அப்படின்னா பெத்தாத்தான் உரிமையா தோழர்? ரத்தம்தான் எல்லாம்னு அவங்க சொல்றதை நாமளும் ஒத்துக்கிட்டமா?" என்றான். அவன் எழுதியதில் பிள்ளை கிடைத்ததாகவே இருந்தது. ராஜா ரத்தமானாலும் இவள் கூழும் இவள் வசவும்தான் அவனை வீரனாக்கியது என்று முடித்திருந்தான். அந்த மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது. "திருடிட்டுப் போனவங்கிட்ட, பரவால்ல வச்சுக்கோ, எனக்குப் பொருள் முக்கியமில்லன்னு சொல்றது பெருந்தன்மையா, ஏமாளித்தனமா?"

இருவர் கையிலும் உண்மை இருந்தது. பிறப்பால் தகுதி என்பதை அழிக்கத்தான் நாம் நிற்கிறோம். அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' எழுதியது அதற்குத்தான். அப்புறம் வீரம் நம் ரத்தத்தில் இருக்கிறது என்று எழுதினால் அது எந்த ஊர் ஒழிப்பு? அதே சமயம், ரத்தக் கணக்கை எழுதி வைத்து நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பத்திரமாக இருக்க, நாம் மட்டும் கணக்கே வேண்டாம் என்று தத்துவம் பேசினால் லாபம் யாருக்கு?

வளர்ப்பின் பக்கம் பேசுவதற்கு நம் மரபிலேயே ஆள் இருக்கிறது. சித்தார்த்தனைப் பெற்ற மாயா ஏழாம் நாள் இறந்துபோனாள். பால் கொடுத்து வளர்த்தவள் சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி. பெண்களைச் சங்கத்தில் சேர்க்கப் புத்தர் மறுத்தபோது, தாய் இறந்த பின் உங்களுக்குப் பால் கொடுத்தவள் அல்லவா என்று ஆனந்தர் எடுத்துச் சொல்கிறார். புத்தர் இணங்கினார். முதல் பிக்குணி அவள்தான். வளர்த்தவளை வாசற்படியோடு நிறுத்தாமல், வளர்த்தது ஒரு கடன், அதைக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்ட மரபு அது. ஆனால் இதை அப்படியே கொண்டுவந்து பாணப் பெண்ணுக்குப் பொருத்த எனக்குத் தயக்கம் உண்டு. கௌதமி அதே குலத்து ராணி. அவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தீட்டு என்ற ஆறு ஓடவில்லை.

சட்டத்தில்கூட இது வந்துவிட்டது. ரமேஷ்பாய் நாய்க்கா வழக்கில் 2012இல் உச்சநீதிமன்றம், பழங்குடித் தாய்க்கும் வேறு சாதித் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளையை இயல்பாகத் தகப்பன் சாதியாகக் கருதினாலும் அது முடிந்த முடிவல்ல என்றது. தாயின் சமூகத்தில் வளர்ந்து, அந்தச் சமூகத்துக்குரிய இழிவுகளையும் இல்லாமையையும் அனுபவித்தேன் என்று அந்தப் பிள்ளை நிரூபிக்கலாம். அதாவது, யாருக்குப் பிறந்தாய் என்பதோடு எங்கே, எதைப் பட்டு வளர்ந்தாய் என்பதும் கேட்கப்படும். இந்த அளவுகோலில் வைத்தால் காசி ராஜா மகன் கதையை வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும் வீரன் நம்மவன்தான். மாறுகால் மாறுகை வாங்கியது ராஜகுமாரனின் உடம்பாக இல்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. வரலாறு எழுதும்போது, கதைப்பாடல் பதிப்பிக்கும்போது, மேடையில் பேசும்போது விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒட்டப்பட்டதை ஒட்டப்பட்டது என்றே சொல்ல வேண்டும். வானமாமலை செய்ததுபோல வடிவங்களை அடுத்தடுத்து வைத்துக் காட்ட வேண்டும். புனைவு எழுதும்போது அப்படி இல்லை. அங்கே அந்தப் பெண்ணை வழக்குக்கு சாட்சியாகக் கூண்டில் ஏற்றினால் அவள் மறுபடியும் மகனுக்குத் துணைப்பாத்திரம்தான். முன்பு ராஜாவின் மகனுக்கு, இப்போது நம் இயக்கத்தின் மகனுக்கு. இந்தக் குற்றம் நம் எழுத்துகளில் உண்டு. தலைவன் உருவாவதற்காக மட்டும் அழுகிற ஆத்தாக்களை எத்தனை கதையில் பார்த்திருக்கிறோம்! சிவகாமி 'பழையன கழிதலும்' (1989) நாவலில் அடிபட்டு வந்து நிற்கிற தங்கத்தை, அவளுக்காகப் பேசும் நம் தலைவனே என்ன செய்கிறான் என்று எழுதியபோது எத்தனை பேருக்குக் கசந்தது! பிறகு அவரே 'ஆசிரியர் குறிப்பு' (1997) எழுதித் தன் நாவலைத் தானே கேள்வி கேட்டார். எழுதியவர் தன் பாத்திரங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற அந்த எண்ணம்தான் இங்கே தேவை.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு அம்மா வந்திருந்தார், ஓய்வுபெற்ற துப்புரவுத் தொழிலாளி. ஒரு மாணவனின் பாட்டி, பேரனோடு வந்தவர். ரெண்டு கதையையும் வாசிக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பெத்தேன்னு சொன்னா நம்பப் போறானா? வளத்தேன்னு சொன்னா விட்டுறப் போறானா? அவ என்னத்துக்குப்பா அவங்கிட்ட கணக்குச் சொல்லிக்கிட்டு நிக்கணும்? அவளுக்கு அன்னிக்கு வேல இருந்திருக்கும்ல." பிறகு, சீரங்கத்தில் திருவிழா முடிந்த மறுநாள் விடிகாலையில் அவர் குப்பை கூட்டப் போன கதையைச் சொன்னார். கைப்பிள்ளையை ஆற்றுக்கு இந்தக் கரையில் அக்காள் வீட்டில் விட்டுவிட்டுப் போவாராம். மார் கட்டிக்கொள்ளுமாம். உத்திர வீதியிலிருந்து கூட்டிக்கொண்டே வரும்போது, மணி எத்தனை என்று கோபுரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மார் வலியை வைத்துச் சொல்லிவிடலாம் என்றார்.

அந்த மாணவி தன் கதையைத் திருத்தி எழுதினாள். பிரசவம் போய்விட்டது. 'உன் பிள்ளையா' என்று ஒருத்தரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. காவல் குச்சுக்கு மகன் போன அந்த மழை ராத்திரி மட்டும்தான் கதை. ஒழுகுகிற கூரைக்கு அடியில் நனைந்த தோலைப் புரட்டிப் போட்டுக்கொண்டு, புருஷனைப் போக விட்டிருக்கலாமோ என்று யோசிக்கிறாள். விடியும்வரை மகன் வரவில்லை. அந்த இடத்தில் அவளுக்குப் பெயர் வைப்பதா வேண்டாமா என்று இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. சினிமாவில் வைத்த பெயர் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போனோம். பாணப் பெண்ணின் கதையை இதுவரை ஒருவரும் எடுக்கவில்லை.