தண்ணீர் யாருடைய சொத்து?



2025 ஜனவரி 7-ம் தேதி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த குன்றுகளில் மூண்ட காட்டுத் தீ, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 16,000-க்கும் அதிகமான கட்டிடங்கள் அழிந்தன. அல்தடினா என்னும் ஊரில் இருந்த மஸ்ஜிதுத் தக்வா பள்ளிவாசலும் அவற்றுள் ஒன்று. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் தீயணைப்போர் குழாயைத் திறந்தபோது பல இடங்களில் தண்ணீர் வரவில்லை. உடனே ஒரு பேச்சு கிளம்பிற்று: பாதாம், பிஸ்தா தோட்டங்களுக்கு உடைமையாளர்களான ரெஸ்னிக் என்ற கோடீசுவரத் தம்பதியர் மாநிலத்தின் தண்ணீரைப் பதுக்கிக் கொண்டார்கள், அதனால்தான் குழாய் வறண்டது என்று. அவர்கள் யூதர்கள் என்பதையும் சேர்த்துப் பரப்பினார்கள். கைப்பேசி உள்ள வீட்டுக்குள் இத்தகைய செய்தி ஸலாம் சொல்லாமலே நுழைந்துவிடும்.

நடந்தது வேறு. குன்றின்மேல் இருந்த மூன்று தொட்டிகள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் காலன் கொள்பவை, மறுநாள் விடியுமுன் காலியாகிவிட்டன. வழக்கத்தைவிட நான்கு மடங்கு தண்ணீர் பதினைந்து மணி நேரம் இடைவிடாது இழுக்கப்பட்டது. 11 கோடியே 70 லட்சம் காலன் கொள்ளும் சாந்தா யினெஸ் நீர்த்தேக்கமோ, மூடி கிழிந்ததால் 2024 பிப்ரவரி முதல் பழுது பார்ப்பதற்காக வெற்றாகக் கிடந்தது. அந்தத் தம்பதியரின் தண்ணீர் இருப்பது நூறு மைலுக்கு அப்பால், கெர்ன் மாவட்டத்தில்.

மதீனாவில் ஒருவன் கவசத்தைத் திருடி யூதர் ஒருவர் வீட்டில் போட்டுவிட்டு அவர்மேல் பழி சுமத்தியதும், அந்த யூதர் குற்றமற்றவர் என்று காட்ட அந்நிஸா அத்தியாயத்தில் வசனங்கள் இறங்கியதும் தப்ஸீர்களில் காணக் கிடக்கின்றன. திருடியவனுக்காக அவன் குடும்பத்தார் பரிந்து பேசியும் பயனில்லை. இதை ஓதுகிற நாம், ஆதாரம் கேளாமல் அந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பலாமா?

அரசியல்வாதிகள் செய்ததையும் பாருங்கள். தீக்குத் தண்ணீர் தருகிறோம் என்று அதிபர் டிரம்ப்பின் உத்தரவின்பேரில் ஜனவரி 31-ல் துலாரி மாவட்டத்து இரண்டு அணைகளைத் திறந்தார்கள். சுமார் 220 கோடி காலன் ஓடிற்று. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அது போய்ச் சேர வழியே கிடையாது. கோடையில் உழவர்களுக்குப் பயன்பட வேண்டிய நீர்! இஸ்ராஃப் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் பழி பொய்யானதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. தண்ணீரும் மேய்ச்சற் புல்லும் நெருப்பும் பொதுவானவை என்பது நபிமொழி. கிணற்று நீர் தோண்டியவருக்கே சொந்தம் என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர்; எனினும் மிஞ்சியதைக் கால்நடைக்கு மறுக்கலாகாது, பயிருக்குக் கொடுப்பது கடமையல்ல. ஹனஃபி மத்ஹபிலோ பாத்திரத்தில் எடுக்கும்வரை அது எவருடைய உடைமையும் அன்று.

கெர்ன் மாவட்டத்தில் இருப்பது கிணறு அன்று. மழை மிகுந்த ஆண்டில் நீரை மணல் நிலத்தில் பாய்ச்சிப் பூமிக்குள் சேமித்து, பஞ்சத்தில் இறைத்துக் கொள்ளும் தண்ணீர் வங்கி. பரப்பு சுமார் 20,000 ஏக்கர். அந்த நிலத்தை 1988-ல் மக்கள் பணத்தில் வாங்கியது மாநில அரசு. 1994-ல் மாண்டரே நகரில் அதிகாரிகளும் நீர் வாரியத்தாரும் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். வேறு 45,000 ஏக்கர்-அடி நீருரிமையை விட்டுக் கொடுத்து, வங்கியை உள்ளூர் அமைப்பு ஒன்று பெற்றது. அதில் பெரும்பங்கு ரெஸ்னிக் நிறுவனத்தின் கையில்.

அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் மஃரிபில் இருந்த உப்புச் சுரங்கத்தைக் கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுந்து சென்றதும், கொடுக்கப்பட்டது வற்றாத ஊற்றுக்கு ஒப்பானது என்று சபையில் இருந்த ஒருவர் எடுத்துச் சொன்னார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இது இருக்கிறது.

மாண்டரேயில் அப்படி எடுத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு இடமில்லை. பிறகு வழக்குத் தொடுத்தார்கள். ஒப்பந்தத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வு போதாது என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் வங்கி அரசிடம் திரும்பவில்லை.