பாட்டி அழ வேண்டுமா?

எழுமலையில் எங்கள் தெரு மகளிர் குழுவுக்கு விளம்பரப் படம் எடுக்கக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள்தான். வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு, குழுவில் இருக்கும் ஒரு பாட்டியின் முந்தானையில் மைக்கைக் குத்தினார்கள்.

"குழுவுல சேர்றதுக்கு முந்தி எப்படிக் கஷ்டப்பட்டீங்க பாட்டி?"

"எல்லாருக்கும் உள்ளதுதானய்யா."

அது போதவில்லை. மறுபடி மறுபடி கேட்டு, கண் கலங்கியதும் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோனார்கள்.

கொடுத்ததைச் சொல்லலாமா என்பது பழைய கேள்வி. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது மத்தேயு நற்செய்தி. வெளிப்படையாகக் கொடுப்பதும் நல்லதே, ஏழைக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிட மேல் என்கிறது குர்ஆன் (2:271). நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் பாதி வெளிச்சத்தை மறைப்பது தனிக் கதை.

வள்ளுவர்தான் வாங்குபவர் பக்கம் நின்று பார்க்கிறார். 'என்னிடம் இல்லை' என்று இரப்பவன் வாய்திறக்கும் முன்னே கொடு என்பது 223ஆம் குறளுக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று. நாமோ கொடுத்த பிறகும் அதைச் சொல்ல வைக்கிறோம். அதிலும் பாட்டி குழுவில் வாங்கியது தானமில்லை, கடன். வட்டியோடு கட்டி முடித்தவர்.

இதே மதுரை மாவட்டத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளையின் காலைத் தொட்டு வாஜ்பாய் வணங்கிய படத்தை நாடே பார்த்தது. 2019இல் சின்னப்பிள்ளைக்குப் பத்மஸ்ரீ. அந்தப் படத்தில் அவர் நிற்பது கஷ்டப்பட்டவராக அல்ல, களஞ்சியம் மகளிர் குழுக்களின் தலைவியாக.

பிள்ளைகளே, அடுத்த முறை பாட்டியிடம் குழுக் கணக்கைக் கேளுங்கள். பைசா பிசகாமல் சொல்வார்.