காலின்னு யார் சொன்னது?

போன வசந்தத்தில் ஒரு பழைய புரொப்பேன் டேங்க்கை வெட்டி, இறைச்சி வாட்டும் புகையடுப்பு செய்தேன். ஆஸ்டினுக்கு வடக்கே, நகர எல்லையைத் தாண்டிய எங்கள் பகுதியில் குழாய் எரிவாயு கிடையாது. பல வீடுகளின் கொல்லையில் ஒரு வெள்ளை டேங்க் படுத்திருக்கும். பழசாகிப்போனால் வேலியோரம் போய்விடும். டெக்ஸாஸ்காரர்கள் அதைச் சும்மா விடமாட்டார்கள். தடித்த இரும்பு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் விறகுப்பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி, நடுவில் கதவு. அவ்வளவுதான் அடுப்பு. ஆஸ்டினில் ஆட்கள் மணிக்கணக்கில் வரிசை நிற்கும் ஃப்ராங்க்ளின் பார்பிக்யூவின் அடுப்புகளும் 1000 கேலன் புரொப்பேன் டேங்க்கில் பிறந்தவைதான்.

என்னுடையது 120 கேலன். நம் கணக்கில் சுமார் 450 லிட்டர். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற பைப் வெல்டர். அவர்தான் குரு. முதல் நாள் கிரைண்டரோடு போய் நின்றேன்.

"தண்ணி ரொப்பினியா?" என்றார்.

"எதுக்கு? பத்து வருஷமா வால்வைத் திறந்தபடி கெடக்கு. மோந்தும் பாத்துட்டேன், வாடையே இல்ல. காலிதான்."

அவர் கிரைண்டரை என் பக்கம் தள்ளினார். "காலின்னு நீதானே சொல்றே? அப்ப நீயே வெட்டு. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கறேன்."

நான் வெட்டவில்லை.

அவர் சொன்ன விஷயம் எளிமையானது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது. திறந்து வைத்தாலும் அடியில் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதத்துக்கும் 10 சதவீதத்துக்கும் இடைப்பட்ட அளவில் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்கின் உள்ளே எரிய காற்று இல்லை. காலி டேங்க்கில் காற்றும் இருக்கிறது, மிச்ச வாயுவும் இருக்கிறது. மூக்கையும் நம்ப முடியாது. புரொப்பேனுக்குச் சொந்த வாடை இல்லை, கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு நாற்றத்தைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். உள்ளே பிடித்த துரு அந்த நாற்றத்தைத் தின்றுவிடும். அதனால் வால்வைக் கழற்றி, சோப்புத்தண்ணீர் விட்டு இரண்டு முறை கழுவி, மூன்றாம் முறை வாய்வரை நிரப்பி, தண்ணீர் உள்ளே இருக்கும்போதே முதல் வெட்டுப் போட வேண்டும்.

தோட்டத்துக் குழாயைச் சொருகிவிட்டு உட்கார்ந்தேன். நிரம்ப அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரத்தில் நாமக்கல் வந்துவிட்டது.

*

நாமக்கல்லில் அப்பா ஒரு சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். லாரிக்கு பாடி கட்டும் ஊர். பெயின்ட் கடைகளிலிருந்து வரும் 200 லிட்டர் தின்னர் டிரம்களைப் பாதியாக வெட்டி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்து தருவார். 1998, நல்ல வெயில் காலம். எனக்குப் பதினொரு வயது. பரீட்சை லீவில் பட்டறையில் இருந்தேன். ஒரு விவசாயி டிரம்மைக் கொண்டுவந்து இறக்கினார்.

"கண்ணு, அதுல ஏதாச்சும் இருக்குதா பாரு" என்றார் அப்பா.

சாய்த்து ஆட்டினேன். ஒரு சொட்டு வரவில்லை. "காலிப்பா!" என்று கத்தினேன்.

"காலி டிரம்தான், வெட்டு" என்றார் அப்பா. வெல்டர் அண்ணன் "சரிங்ணா" என்று கேஸ் கட்டரைப் பற்றவைத்தார்.

சத்தம் எனக்கு நினைவில்லை. டிரம்மின் மூடி கூரைத் தகரத்தில் சொருகிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அண்ணனுக்கு வலது கண் போனது. அன்றும் அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் அப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "காலின்னு நாந்தான் சொன்னேன்." என் பெயரை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவருடையது. பட்டறையை மூடும் வரை அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை.

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்தக் கதையை எனக்குள் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்புச் சொன்னது நான், சுமந்தது அப்பா.

*

கல்லூரி முடித்த பிறகு பெஞ்சமின் லீ வோர்ஃப் எழுதிய ஒரு கட்டுரை கிடைத்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. மொழியியலில் பேர் போனவர், ஆனால் பிழைப்புக்கு ஒரு தீக்காப்பீட்டுக் கம்பெனியில் தீத்தடுப்புப் பொறியாளர். 1941இல் வெளியான அந்தக் கட்டுரையில் பெட்ரோல் டிரம்கள் வருகின்றன. நிறைந்த டிரம்கள் இருக்கும் இடத்தில் ஆட்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். 'காலி' டிரம்கள் இருக்கும் இடத்தில் சிகரெட் பிடிக்கிறார்கள். ஆவி நிறைந்த காலி டிரம்தான் அதிக ஆபத்து. ஆனால் 'காலி' என்ற சொல்லுக்குள் 'ஒன்றுமில்லை, பயமில்லை' என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்கிறார் வோர்ஃப். அவருடைய பெரிய கோட்பாட்டைப் பின்னால் வந்தவர்கள் நிறையவே கேள்வி கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. எங்களை ஏமாற்றியது ஒரு சொல். அப்பாவும் நிரபராதி, நானும் நிரபராதி. அப்படியே வைத்துக்கொண்டேன்.

குழாய்த் தண்ணீர் வழிய ஆரம்பித்தபோது அந்த ஆறுதலில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் ரொப்ப வேண்டும் என்பது இந்தப் பெரியவருக்கு முதல் பாடம் என்றால், முப்பது வருடம் வெல்டிங் பார்த்த அப்பாவுக்கு?

*

அடுப்பு முடிந்த வார இறுதியில் மாட்டின் மார்புக்கறி வாங்கினேன். இங்கே அதை பிரிஸ்கட் என்பார்கள். கடினமான சதை. ஓக் விறகின் மெல்லிய சூட்டில், 110 முதல் 130 டிகிரி செல்சியஸுக்குள், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கிடந்தால்தான் உள்ளிருக்கும் நார் கரைந்து இளகும். அடிக்கடி விறகு பார்க்க வேண்டும், தூங்க முடியாது. இரவு பத்தரைக்கு அப்பாவுக்கு போன் செய்தேன். நாமக்கல்லில் காலை ஒன்பது.

அடுப்பைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் ரொப்பியதைச் சொன்னேன். பிறகு கேட்டேன், "ஏம்ப்பா, தண்ணி ஊத்திட்டுத்தான் வெட்டணும்னு அப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"தெரியும் கண்ணு. எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்ததே அதுதான்."

"அப்பறம்?"

"தண்ணிக்கு எங்க போறது? லாரித் தண்ணி வந்து நாலு நாளாச்சு. பட்டறையில இருந்தது ரெண்டு குடம். அந்த ஆளு வேற வண்டியோட நின்னுட்டிருந்தாரு. சரி, பாக்கச் சொல்லுவோம்னு உன்னைச் சொன்னேன். நீ காலின்னே. அது போதும்னு வெச்சுக்கிட்டேன்."

*

டபிள்யூ. கே. கிளிஃபோர்ட் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர் 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பயணிகளை ஏற்றி அனுப்பலாமா என்ற சந்தேகம் அவருக்கே இருக்கிறது. ஆனால் செப்பனிடச் செலவாகும். இத்தனை தடவை போய் வந்த கப்பல்தானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தி, கடைசியில் உண்மையாகவே நம்பி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் மனதார நம்பினார் என்பது தப்பாது, அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமையே இல்லை என்கிறார் கிளிஃபோர்ட். கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் அதே குற்றம்தானாம். 1870இல் சிசிலி கரையோரம் கப்பல் உடைந்து உயிர் பிழைத்தவர் அவர். முதலாளி மூழ்கும் கப்பலில் இருப்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்பாவை எந்தச் சொல்லும் ஏமாற்றவில்லை. அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதைச் சொல்ல ஒரு ஆளும் தேவைப்பட்டது. பதினொரு வயதுப் பையன் போதுமானதாக இருந்தான். என்னைக் காப்பாற்றினார் என்று நான் இத்தனை நாள் நினைத்த அந்த வாக்கியம், "காலின்னு நாந்தான் சொன்னேன்", வெறும் உண்மை. அதுவும் பாதி உண்மை.

அவரைத் தீர்ப்பிடவும் கூச்சமாக இருக்கிறது. என் வீட்டில் குழாயைத் திருகினால் 450 லிட்டர் வருகிறது, மூன்று முறை வருகிறது. சரியானதைச் செய்ய எனக்கு ஆன செலவு ஒன்றரை மணி நேரம். அப்படி இருந்தும் நான் முதலில் சொன்னது 'காலிதான்' என்றுதான். அப்பாவுக்கு ஆகியிருக்கும் செலவு நான்கு நாள் காத்திருப்பும் ஒரு வாடிக்கையாளரும். பஞ்சம் அவருடைய தவறை எனக்குப் புரியவைக்கிறது. ஆனால் அந்தச் செலவைக் கொடுத்தவர் அப்பா அல்ல, "சரிங்ணா" என்றவர். வெட்டத் தெரிந்த அவருக்கும் அந்த முதல் பாடம் தெரிந்திருக்கலாம். முதலாளி காலி என்ற பிறகு கூலிக்காரர் எப்படிச் சந்தேகப்படுவார்? பக்கத்து வீட்டுப் பெரியவர் கிரைண்டரை என் பக்கம் தள்ளியதன் நியாயம் இதுதான். காலி என்று சொல்பவன் கையில்தான் கட்டர் இருக்க வேண்டும்.

போனை வைக்கும் முன் கேட்டேன், "இது அண்ணனுக்குத் தெரியுமாப்பா?"

"எது?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதான்னு."

"சரி கண்ணு, நான் தூங்கப் போறேன். நீயும் நேரத்தோட படு" என்றார். அங்கே காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது.

கறி மறுநாள் மதியம் பதமாக வந்தது. பெரியவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். அண்ணன் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாவது தெரு, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்ப்பதுதான். இதுவரை அந்த விஷயம் தெரிந்தவர் ஒருவர். இப்போது இருவர்.