வளர்ப்பின் குறை சாக்காகுமா?

"எங்கள் வாப்பாவும் இப்படித்தான், எனக்கும் அதே சுபாவம்!" மனைவியிடம் கடுஞ்சொல் பேசிவிட்டு இப்படிச் சமாதானம் சொல்லும் கணவர்களை நாம் காண்கிறோம். "உம்மா ஒரு நாளும் என்னை அணைத்ததில்லை, அன்பு காட்ட எனக்கு எங்கே தெரியும்?" என்று கண்கலங்கும் பெண்களும் உண்டு. இவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் நாளை அல்லாஹ்வின் சந்நிதியில் இது பதிலாகுமா? நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே.

பிள்ளைப் பருவத்தில் மனத்தில் பதிந்தது எளிதில் அழிவதில்லை. இங்கிலாந்து மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்தார். ஹாசன், ஷேவர் என்னும் இருவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வு, அப்பிணைப்பின் சாயல் வளர்ந்தவர்களின் காதல் உறவிலும் தெரிவதை எடுத்துக்காட்டியது. அழுதால் உம்மா வருவாள் என்று நம்பி வளர்ந்த பிள்ளை, பின்னாளில் துணையையும் எளிதில் நம்புகிறது. விரட்டப்பட்ட பிள்ளையோ, நெருங்கி வருபவரையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. ஆயினும் இது ஒரு சாய்வுதான். மாற்ற முடியாத தலையெழுத்தன்று.

அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது, தமீம் கோத்திரத்துத் தலைவர் அக்ரஃ பின் ஹாபிஸ் அருகிலிருந்தார். தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார் அவர். இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவர் வளர்ந்த விதம் அப்படி என்று விட்டுவிடவில்லை. மாறவே முடியாதவரை எச்சரிப்பதில் பயன் உண்டா? பத்துப் பிள்ளைகளைப் பெற்ற பிறகும் உள்ளம் இளக முடியும் என்பதல்லவா இதன் பொருள்?

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வையே பாருங்கள். பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். ஆனால் ஹலீமா அம்மையாரின் மடியும் பெரிய தந்தை அபூதாலிபின் அரவணைப்பும் கிடைத்தன. பெற்றோரிடம் கிடைக்காத பாசத்தை உற்றார் கொடுக்கலாம் என்பது இதில் நமக்குப் பாடம். அந்த அநாதைச் சிறுவரே பின்னாளில் வீட்டு வேலையில் குடும்பத்தாருக்கு உதவும் கணவராகவும், மகள் ஃபாத்திமா (ரலி) வந்தால் எழுந்து வரவேற்கும் தந்தையாகவும் விளங்கினார்கள்.

எனவே காரணம் வேறு, சாக்கு வேறு. காயம் எங்கே என்று காரணம் காட்டும். மருந்திடும் பொறுப்பு நம்முடையதே. கணவன் கைநீட்டும்போது, "பாவம், அவன் வளர்ந்த விதம், நீ ஸபுர் செய்" என்று மருமகளிடம் மட்டும் சொல்வது நீதியாகாது. அவனையல்லவா திருத்த வேண்டும்! பெற்றோரைத் தூற்றவும் வேண்டாம். அவர்களும் தமக்குக் கிடைத்ததைத்தான் தந்தார்கள். அவர்களுக்காக துஆச் செய்வோம். அவர்களிடமிருந்து வந்த கடுமையை நம்மோடு நிறுத்துவோம்.

இன்றிரவு நம் வீட்டில் பேசப்படும் சொற்களை ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. நாளை அதன் இல்லறத்திலும் அவை ஒலிக்கக்கூடும். நல்லதையே அது கேட்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.