ஈமக்கடனும் வணிக அறமும்

மனிதன் தன் வாழ்நாளிற் செய்யவேண்டிய கருமங்களுட் பெரும்பாலானவற்றைத் தானே செய்து முடிக்கலாம். தன் ஈமக்கடனை மட்டும் அவனாற் செய்துகொள்ள முடியாது. அதனைப் பிறரே செய்தல் வேண்டும். அப்பிறர் யாவர், எக்கட்டுப்பாட்டினாற் செய்கின்றனர், அதற்கு ஈடாக யாது பெறுகின்றனர் என்னும் வினாக்கள் ஒரு சமுதாயத்தின் அறநிலையை அளந்து காட்டுவன. யாழ்ப்பாணத்தில் ஈமச்சேவை தனியொரு வணிகமாக வளர்ந்துள்ள இக்காலத்தில், பிறர் இறப்பினாற் பொருளீட்டுதல் முறையாகுமா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இலங்கைத் தமிழர் இவ்வணிகத்தின் இடத்தை 'மலர்ச்சாலை' என வழங்குவர். சிங்களத்தில் வழங்கும் 'மல்சாலாவ' என்பதற்கு நேரான சொல் இது. பிணத்தையும் பெட்டியையும் மறைத்து மலரை மட்டும் முன்னிறுத்தும் மங்கல வழக்கு எனலாம். கொழும்பிலே பொரளையின் கனத்தை மயானச் சூழலில் இத்தகைய நிறுவனங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. நகரத்தின் நெருக்கமான வாழ்க்கை அங்கு அவற்றை வேண்டி நின்றது. யாழ்ப்பாணத்திலோ காரணம் சற்று வேறானது. 1983ஆம் ஆண்டின் பின்னர் பிள்ளைகள் பலர் கனடா, இங்கிலாந்து, ஐரோப்பிய நாடுகள் எனச் சிதறினர். முன்னர் இறந்த அன்றோ மறுநாளோ சுடலைக்குச் சென்ற உடல், இன்று கடல்கடந்த மகனின் வருகைக்காகக் காத்திருக்கின்றது. உடலைப் பாதுகாக்கும் மருந்தும் குளிர்பெட்டியும் தேவைப்படுகின்றன. பாடை சுமக்கும் இளைஞரும் ஊரிற் குறைந்துவிட்டனர்.

இம்மாற்றத்தைக் கண்டு வருந்துவோரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. செத்தவீடு என்பது முன்னர் ஊர் முழுவதன் பொறுப்பாக இருந்தது. அயலவர் பந்தலிட்டனர்; விறகு தறித்தனர்; அடுப்பு எரியாத வீட்டாருக்கு உணவு கொண்டு சென்றனர். பகை கொண்டிருந்தோரும் படலை கடந்து வந்தனர். அங்கே கூலி பேசப்படவில்லை. இன்று எனக்கு, நாளை உனக்கு என்னும் சொல்லப்படாத உடன்பாடே அவர்களை இயக்கியது. பணம் கொடுத்து இவ்வுதவியை வாங்கத் தொடங்கியவன், பிறனுக்கு உதவவேண்டிய கடமையினின்றும் தன்னை விடுவித்துக்கொள்கின்றான் என்பது அவர் கருத்து.

எனினும், இவ்வாதம் பழைய ஈமச்சடங்கின் ஒரு பாதியையே காண்கின்றது. அயலவரின் உதவி விருப்பால் விளைந்தது. குடிமைகளின் ஊழியம் அவ்வாறன்று. பறையறைதல், வெள்ளை கட்டுதல், உடலுக்குரிய பணிவிடை, சுடலைப் பணி என்பன குறித்த சாதியினர்மீது பிறப்பாற் சுமத்தப்பட்டன. அவர்கள் பெற்றது உரிமையோடு கேட்கத்தக்க ஊதியம் அன்று. கொடுப்போன் மனம்போல் அளக்கும் நெல்லும் துணியுமேயாம். 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, அடிமைகளைப் பற்றிய விதிகளையும் கொண்டிருந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தபோதும் குடிமைமுறை வழக்கத்தால் நிலைத்தது. சுடலையும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தது. 1944ஆம் ஆண்டில் வில்லூன்றி மயானத்திலே தம்மவர் ஒருவரின் உடலைத் தகனஞ்செய்ய முயன்ற ஒடுக்கப்பட்ட மக்களுள் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இறந்தவனுக்கு நெருப்பு மறுக்கப்பட்ட இடத்தில் உயிரோடிருந்தவனும் பிணமானான். பிற்காலத்திற் சாவுக்குப் பறையறைய மறுத்தல் சாதியெதிர்ப்பின் ஒரு வடிவமானதில் வியப்பில்லை.

இந்நிலையில், விலை என்பது இழிவன்று. அது ஒருவகை விடுதலையாகும். கூலி பேசுபவன் வேண்டாவெனவும் சொல்லவல்லான். வேலை முடிந்ததும் அவன் கடன் முடிகின்றது. அவன் மகன்மேல் அது தொடர்வதில்லை. பண்டைத் தமிழ்ப் புலவர் ஈமத்தாழி வனைவோனை அருவருக்கவில்லை என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. புறநானூற்றுப் பாடல்கள் இரண்டு ஈமத்தாழி வனையும் குயவனை நேரே விளிக்கின்றன. அவற்றுள் ஒன்றிலே, கணவனை இழந்தவள் தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். அக்குயவன் அவள் துயரத்தை வாங்கி விற்பவனல்லன். துயரத்திற்கு ஒரு கலம் செய்து கொடுக்கும் தொழிலாளன்.

ஆயின், குடிமையின் கட்டு அறுந்தவிடத்தில் சந்தையின் கட்டு இறுகுவதும் உண்டு. ஈமச்சேவையை வாங்குபவன் ஏனைய நுகர்வோனைப் போன்றவனல்லன். அவனுக்கு விலை விசாரிக்க நேரமில்லை, முன்னனுபவம் இல்லை, பேரம் பேசுதல் இறந்தவரை அவமதிப்பதாகும் என்னும் கூச்சமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் உடலைப் பதப்படுத்தும் வழக்கம் பரவியது. 1865ஆம் ஆண்டிற் கொலையுண்ட ஆபிரகாம் லிங்கனின் உடலும் பதப்படுத்தப்பட்டே நெடும்பயணம் சென்றது. அவ்வழக்கத்தின்மேல் எழுந்த பெருவணிகத்தை ஜெசிக்கா மிற்போர்ட் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கடுமையாகத் திறனாய்ந்தார். 1984ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதி, ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே விலை காட்டும் பட்டியலை அங்குக் கட்டாயமாக்கியது. பிரான்சோ 1904ஆம் ஆண்டுச் சட்டத்தால் இச்சேவையை உள்ளூராட்சி மன்றங்களின் தனியுரிமையாக்கி, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்தனியுரிமையைக் கைவிட்டது. தனிவணிகம், பொதுவுடைமை ஆகிய இரண்டும் தாமாகவே அறமாகிவிடா என்பதற்கு இவை சான்றாகும்.

யாழ்ப்பாணத்தில் இவ்விடர் மேலும் நுட்பமானது. வெளிநாட்டுப் பணம் பெறும் வீட்டின் அலங்காரப் பெட்டியும் ஊர்தியும் அயல்வீட்டு ஏழைக்கும் அளவுகோலாகின்றன. தாய்க்குச் செய்யும் இறுதி மரியாதை கடன்பட்டு வாங்கும் கௌரவமாக மாறுகின்றது. அன்றியும், நிறுவனத்தின் பெயர் புதிதாக இருந்தபோதும் உடலைக் கழுவுவோரும் சுடலையிலே வேகுவோரும் பழைய சாதியினராகவே இருப்பின், குடிமை சம்பளப் பதிவேட்டினுள் ஒளிந்துகொண்டது என்பதே பொருள். சுடலையின் சுமையும் எளியோர்மீதே விழுகின்றது. 2017ஆம் ஆண்டிற் புத்தூரிலே குடியிருப்புகளினிடையே அமைந்த மயானத்தை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டம் இதனை உணர்த்தியது.

இவற்றினின்றும் ஒரு வரையறை பெறப்படும். பெட்டி, ஊர்தி, குளிர்பெட்டி, உடலைப் பேணும் உழைப்பு என்பன விற்கத்தக்கன. வாய்க்கரிசியும் பேரப்பிள்ளை பிடிக்கும் பந்தமும் கொள்ளியும் விற்கத்தக்கனவல்ல. அவற்றைப் பிறர் செய்தால் அவை சடங்கின் போலியே. இவ்விரண்டிற்கும் அப்பால், தன் நெறிப்படி மண்ணையோ நெருப்பையோ அடையும் உரிமை விற்கவும் மறுக்கவும் ஆகாதது. 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்கவேண்டுமென அரசு விதித்தபோது முஸ்லிம் மக்கள் அடைந்த துயரத்தை நாடு கண்டது. அடக்கத்திற்கான அனுமதி 2021ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே கிடைத்தது. வணிகன் பொருளாசையால் மறுப்பினும் அரசு ஆணையால் மறுப்பினும் இழப்பு ஒன்றே.

ஆகவே, ஈமவணிகத்தை நடத்துவோனிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படல் வேண்டும். அழுதுகொண்டு வருபவனுக்கும் அமைதியாக வருபவனுக்கும் ஒரே விலையா? பணமில்லாதவனின் உடல் அவன் வாசலிலிருந்து திரும்புமா? அவனிடம் வேலை செய்பவன் தன் தொழிலை ஊரறியச் சொல்லித் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? இவற்றுக்குத் தனிமனிதனின் நற்குணத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. இலங்கைக் கிராமங்களில் இயங்கும் மரண உதவிச் சங்கங்கள் சிறு சந்தாவினாலே பெரிய சுமையைப் பகிர்கின்றன. மூளாயிலே 1930களில் கூட்டுறவு முறையில் வைத்தியசாலை அமைத்த சமுதாயத்திற்கு, கூட்டுறவு முறையில் ஒரு மலர்ச்சாலை நடத்துதல் அரிதாகாது. அயலவரின் பழைய பரிவை அது காக்கும். பழைய அடிமைத்தனத்தை அது வேண்டாது. பிணத்தைச் சுமப்பவனுக்கு உரிய கூலியும் உரிய மதிப்பும் கொடுத்த பின்னரே, இறந்தவருக்கு மரியாதை செய்ததாக ஒரு சமுதாயம் சொல்லிக்கொள்ளலாம்.