காலியாக இருப்பதற்கென்றே ஓர் இடம்

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில், தியாகதுருகத்துக்கு முன்னால் வருகிற ஊர் எலவனாசூர்கோட்டை. பழைய சிவன் கோயில், சாலையோரக் கடைகள், பேருந்துக்குக் காத்து நிற்கிறவர்கள். இந்த அளவுள்ள ஊர்களில் சக்கர நாற்காலிப் படம் வரைந்த நீலக் கட்டத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. அதெல்லாம் சென்னை மால்களிலும் விமான நிலையத்திலும் பார்க்கிற சங்கதி, நமக்கும் அதற்கும் என்ன என்று தோன்றலாம். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடத்தை மற்றவர்கள் பிடித்துக்கொள்வது நம் ஊர்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உருவம்தான் வேறு.

வங்கி வாசலைப் பாருங்கள். ஏ.டி.எம். வாசலைப் பாருங்கள். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டி, இரும்புக் கைப்பிடியும் வைத்திருப்பார்கள். அந்தச் சாய்தளம் தரையைத் தொடுகிற இடத்தில் நாலைந்து பைக்குகள் நிற்கும். நிறுத்துகிறவரிடம் கேட்டால், "ரெண்டு நிமிஷம்தாங்க, தோ வந்துடறேன்" என்பார். கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "சும்மாதானே கெடக்குது, யாரு வர்றாங்க?" என்பார். இரண்டுமே கெட்ட மனதோடு சொல்கிற பதில்கள் என்று நான் நினைக்கவில்லை. வழியில் ஒருவர் விழுந்து கிடந்தால் முதலில் வண்டியை நிறுத்தித் தூக்குகிறவர் இவராகவே இருக்கலாம். நல்ல மனிதரையே இந்த இடத்தில் மட்டும் தவறச் செய்வது எது என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு கால்களும் செயலிழந்தவர்களுக்குத் தமிழக அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாலைகளிலும் அந்த வண்டிகளைப் பார்க்கலாம். அதை ஓட்டுகிறவருக்கு வெளியுலகத்தைத் திறந்துவிட்ட வண்டி அது. ஆனால் அதன் அமைப்பைக் கவனித்தால் ஒன்று புரியும். பக்கத்துக்கு ஒரு சக்கரம் நீட்டிக்கொண்டிருப்பதால் இரண்டு பைக்குகளுக்கு நடுவே அது நுழையாது. நுழைந்துவிட்டாலும் வெளியே எடுப்பது கடினம். மற்றவர்கள் காலை ஊன்றிப் பின்னால் தள்ளுவார்கள். இவரால் ஊன்ற முடியாது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பின்னோக்கிப் போகும் கியரும் கிடையாது. ஆகவே தள்ளி நிறுத்திவிட்டு வருகிற வசதி இவருக்கு இல்லை. நேராக வந்து, நேராக நின்று, நேராகப் போக வேண்டும். அதற்கு வாசலருகே ஒரு வெற்றிடம் வேண்டும்.

காருக்கும் இதே கதைதான். நம் நாட்டுக் கட்டட விதிமுறைகள் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்தக் கட்டம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. சாதாரணக் காருக்கு இரண்டரை மீட்டர் போதும். மிச்சமிருக்கும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட அகலம் எதற்கு? கதவை முழுக்கத் திறந்து, சக்கர நாற்காலியை இறக்கி விரித்து, காரின் இருக்கையிலிருந்து கைகளை ஊன்றி அதில் மாறி உட்கார. கோடு கோடாகப் பூசியிருக்கும் அந்த ஓரம்தான் கட்டத்தின் உயிர்ப்பகுதி. இரண்டு பைக்கை நிறுத்தத் தோதான இடம் என்று நம் கண்ணில் முதலில் படுவதும் அதுவேதான். இதில் மிகக் கொடுமை இறங்கும்போது நேர்வதல்ல. வேலையை முடித்துத் திரும்பி வரும்போது பக்கத்தில் யாரோ நெருக்கி நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். தன் சொந்தக் காருக்கு வெளியே, வெயிலில், தன் கதவைத் திறக்க முடியாமல் ஒருவர் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. 'ரெண்டு நிமிஷம்' என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு மட்டும்தான் தெரியும்.

பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இருக்கையிலும் பிறர் உட்காருகிறார்கள். அதுவும் தவறுதான். ஆனால் அங்கே உட்கார்ந்தவர் எதிரிலேயே இருக்கிறார். கேட்டால் எழுந்துவிடுகிறார், கேட்காமலேயே எழுகிறவர்களும் உண்டு. நிறுத்திவிட்டுப் போன வண்டியிடம் யார் கேட்பது? அதன் சொந்தக்காரர் உள்ளே எந்த வரிசையில் நிற்கிறார் என்று யாருக்குத் தெரியும்? வாசலில் வந்து நிற்கிற மாற்றுத்திறனாளிக்குக் கேட்கிற வாய்ப்புகூட இல்லாமல் போய்விடுகிறது.

இப்போது இரண்டாவது பதில்: சும்மாதானே கிடக்கிறது, யார் வருகிறார்கள்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடக்க முடியாத ஒருவரை அழைத்துவருவதை யோசித்துப் பாருங்கள். மலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சி வர வேண்டும். மருத்துவக் குழுவின் முன் சான்று வாங்கவோ, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கவோ வருவார்கள். வீட்டில் ஒருவருக்கு அன்றைய கூலி போகும், வண்டிக்குத் தனிச் செலவாகும். நமக்கு வெளியே கிளம்புவது ஓர் எண்ணம். அவர்களுக்கு அது முதல் நாளே தொடங்கும் ஏற்பாடு. எங்கே இறங்குவது, எவ்வளவு தூரம் தூக்குவது, படி எத்தனை என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்புகிறார்கள். வாசலருகே இடம் இருக்கும் என்று நம்பி வந்து, ஒருமுறை அங்கே பைக் வரிசையைப் பார்த்தால் பொறுத்துக்கொள்வார்கள். இன்னொரு முறையும் அப்படியே என்றால், மூன்றாம் முறை, "நீ இரு, நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்" என்று வீட்டார் மட்டும் வருவார்கள். அவர் வீட்டோடு தங்கிவிடுவார்.

பிறகு நாம் சொல்கிறோம்: யாருமே வருவதில்லை, அந்த இடம் எப்போதும் சும்மாதான் கிடக்கிறது.

வராமல் செய்தவர்களே வராததைச் சாட்சியாகக் காட்டுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். கடைத்தெருவிலும் கோயிலிலும் திருமண மண்டபத்திலும் அவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? அவர்கள் இல்லாமல் இல்லை. வெளியே வருவதற்கான நம்பிக்கை அவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோயிருக்கிறது. அதைப் பறித்ததில் அரசின் பங்கு பெரிது. ஆனால் நம் பைக்கின் பங்கும் இருக்கிறது.

மரத்தடியில் 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது. மணிக்கணக்காக நிற்கும். சும்மாதானே நிற்கிறது, கல்யாணத்துக்குப் பாத்திரம் ஏற்றிவரலாம் என்று யாரும் கேட்பதில்லை. அது நிற்பதே அதன் வேலை என்று நமக்குத் தெரியும். அழைப்பு எப்போது வரும் என்று தெரியாததால்தான் அது தயாராக நிற்கிறது. மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கிய இடமும் அப்படித்தான் காலியாக இருந்து வேலை செய்கிறது. பத்து மணிக்கு வருகிறவருக்காக அது ஒன்பதரைக்கும் காலியாக இருக்க வேண்டும். அவர் வருவார் என்று யாருக்கும் தெரியாதபோதும் காலியாக இருக்க வேண்டும். ஒதுக்கீட்டின் பொருளே அந்த உறுதிதான். ஒரு நாளில் பத்து நிமிடம் மட்டுமே அடைபட்டாலும் எந்தப் பத்து நிமிடம் என்று முன்கூட்டித் தெரியாதாகையால், அந்த இடத்தை நம்பி ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது.

இதைச் சலுகை என்று நினைக்கும் வரை இது நமக்குப் பிடிபடாது. சலுகையென்றால் நாமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், பெரிய பாவமில்லை என்று மனம் சொல்லும். ஆனால் படி வைத்துக் கட்டியவர்கள் நாம். நடக்கிறவர்களின் அளவை மட்டுமே மனதில் வைத்து ஊரைக் கட்டியவர்கள் நாம். அந்த வாசலுக்கும் அவருக்கும் நடுவில் நாம் உண்டாக்கிய தூரத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதுதான் சாய்தளமும் நீலக் கட்டமும். அது பட்ட கடன்.

இடத்தைப் பிடிப்பவர் ஒரு வகை. அட்டையைப் பிடிப்பவர் இன்னொரு வகை. நம் நாட்டில் கார் கண்ணாடியில் வைக்கும் நிறுத்த அட்டை என்று தேசிய அளவில் ஒன்று இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் இருக்கின்றன, பொய்ச் சான்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, அவர்களுக்கான பயனை ஏமாற்றிப் பெறுகிறவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2024இல் மகாராஷ்டிரத்துப் பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரி பூஜா கேத்கரின் தேர்வை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ரத்து செய்தபோது, அவர் காட்டிய ஊனச் சான்றுகளும் கேள்விக்குள்ளாயின. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த நாட்களில் எனக்குக் கவலை தந்தது இன்னொன்று. உண்மையான சான்று வைத்திருக்கிறவர்களையும் நாடே சந்தேகக் கண்ணால் பார்க்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் விதிகள் திருத்தப்பட்டு, சான்று வழங்க ஒரு மாதம் என்றிருந்த கெடு மூன்று மாதமானது. ஒருவர் பொய் சொன்னால், அதன் சோதனையும் காத்திருப்பும் வந்து விழுவது மெய் சொல்கிறவர் தலையில்.

பணக்கார நாடுகள் இதில் யோக்கியமானவை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தணிக்கை அதிகாரி 2017இல் கொடுத்த அறிக்கையின்படி, நிறுத்த அட்டை வைத்திருப்போரில் 100 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் சுமார் 26,000 பேர். அந்த மாநிலத்தில் அந்த வயதில் இருந்தவர்களே ஏறக்குறைய 8,000 பேர்தான். தாத்தா, பாட்டி இறந்த பிறகும் அவர்கள் பெயரிலான அட்டை உயிரோடிருந்திருக்கிறது. சிங்கப்பூரில் இரண்டு வகை அட்டை தருகிறார்கள். தாமே ஓட்டுகிற மாற்றுத்திறனாளிக்கு ஒன்று. அவரை ஏற்றிவருகிறவருக்கு இன்னொன்று. இரண்டாவது அட்டைக்கு ஏற்றி இறக்க ஒரு மணி நேரம்தான் அனுமதி. அட்டை வண்டிக்கோ குடும்பத்துக்கோ உரியதன்று, உடன் இருக்கிற அந்த மனிதருக்கே உரியது என்பதை அந்த ஒரு மணி நேரம் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. நாம் என்றாவது இப்படி ஓர் அட்டை கொண்டுவந்தால் அதில் படம் இருக்கட்டும், முடியும் தேதி இருக்கட்டும், இறப்புப் பதிவோடு அது இணைந்திருக்கட்டும்.

ஆனால் தவறைத் தடுக்கிற ஆர்வத்தில் நாமே தெருவில் நீதிபதியாகிவிடக் கூடாது. "நல்லாத்தானே நடக்கிறீங்க?" என்ற கேள்வி எத்தனையோ பேரைக் கூனிக் குறுக வைத்திருக்கிறது. நம் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் ரத்தம் உறையாமைக் குறைபாடு உண்டு, தசைச் சிதைவு உண்டு, ஆட்டிசம் உண்டு. இவற்றில் பல கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் நீல நிற நிறுத்த அட்டைத் திட்டத்தை 2019இல் மறைந்திருக்கும் குறைபாடுகளுக்கும் விரித்தார்கள். காலைப் பார்த்து முடிவு செய்வது நம் வேலை அன்று. அட்டையைச் சரிபார்ப்பது பொறுப்பில் உள்ளவரின் வேலை. நம் வேலை அதைவிட எளியது: நமக்கு உரியதல்லாத இடத்தில் நம் வண்டியை நிறுத்தாமல் இருப்பது.

சட்டம் குறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றில் அணுகத்தக்க நிறுத்துமிடம் வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 41ஆம் பிரிவு. பழைய பொதுக் கட்டடங்களையும் ஐந்து ஆண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்ற கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரத்தூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருக்க முடியாது, கட்டாயமாக்க வேண்டும் என்றது. தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது. சாய்தளத்தின் அடியில் பைக் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை நீதிபதிகளால் கடக்க முடியாது.

உள்ளூரில் கடக்க முடியும். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத்திருத்தங்களைத் தமிழக சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியிருக்கிறது. ஊராட்சிக்கு ஒருவர் என்றால் எலவனாசூர்கோட்டையின் மன்றத்திலும் ஒரு நாற்காலி மாற்றுத்திறனாளி ஒருவருக்கு. அவர் அந்த நாற்காலிக்கு வந்துசேர ஊராட்சி அலுவலக வாசலில் வழி இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெரிய நிதி எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு டப்பா நீலப் பெயின்ட், ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், சாய்தளத்தின் இரு பக்கமும் பைக் நுழையாதபடி இரண்டு குட்டைத் தூண், காவலாளி இருந்தால் அவருக்கு ஒரு தெளிவான உத்தரவு. தூண்களுக்கு நடுவே சக்கர நாற்காலி போகும் அகலம் இருக்கிறதா என்று அதில் வருகிறவரையே கூப்பிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில் குடிநீர், தெருவிளக்குப் பற்றிப் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்து இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். சுகாதார நிலையம், வங்கி, ரேஷன் கடை, கோயில் வாசல், இந்த நான்கில் தொடங்கினால் போதும். அதுவரை, இன்று சாயங்காலம் ஏ.டி.எம்.முக்குப் போகிறீர்களென்றால், வண்டியை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். உங்களால் நடக்க முடியும்.