கொடுக்கும் கையும் எடுக்கும் படமும்

2023 மார்ச்சில் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளத்தில் தங்காக் மாவட்டத்துக் குடும்பங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு நிவாரண மையங்களுக்குப் போக நேர்ந்தது. இத்தகைய மண்டபங்களில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வாங்குபவர், நடுவில் அரிசிப் பை. இருவரும் பையைப் பார்ப்பதில்லை, கேமராவைப் பார்க்கிறார்கள். தீபாவளிக்கு முன் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அன்பளிப்பு தரும்போதும் இதே காட்சிதான். பொழுது சாய்வதற்குள் படம் புலனக் குழுக்களைச் சுற்றி வந்துவிடும். லேடாங் மலையடிவாரத்தில், துணிக்கடைகளுக்குப் பெயர்போன இந்தச் சிற்றூரில், வாங்குபவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. மறுநாள் பள்ளியில் அவர் பிள்ளையின் பக்கத்து மேசைக்காரனுக்கும் தெரியும்.

துன்பத்தில் இருப்பவரின் முகத்தை ஊருக்குக் காட்ட யாருக்கு உரிமை?

இந்தக் கேள்வியைத் தன்மீதே திருப்பிக் கேட்டுக்கொண்டவர் ஒரு தமிழர், ஜார்ஜ் அழகையா. 1955இல் கொழும்பில் பிறந்தார். தனிச் சிங்களச் சட்டமும் 1958 கலவரமும் கண்ட நாட்டிலிருந்து 1961இல் குடும்பம் கானாவுக்குப் பெயர்ந்தது. 1989இல் பிபிசியில் சேர்ந்து, ஆப்பிரிக்கச் செய்தியாளராக ருவாண்டா இனப்படுகொலை வரை பார்த்தார். பிறகு பல ஆண்டுகள் மாலை ஆறு மணிச் செய்தியை வாசித்தார். 2023 ஜூலை 24 அன்று புற்றுநோயால் காலமானார்.

சோமாலியாவின் பஞ்சத்தைப் பதிவுசெய்த நாள்களைப் பற்றி 2001இல் வெளிவந்த தம் புத்தகத்தில் அவர் எழுதியிருப்பது சங்கடமான வாக்குமூலம். ஒருநாள் நெஞ்சை உலுக்கிய காட்சி மறுநாள் போதவில்லை. அதனினும் கொடிய காட்சியைத் தேடிப் போகவேண்டியிருந்தது. அப்படித் தேடிப்போன குஃப்கடூட் என்ற கிராமத்தில் ஒரு மனிதர் அவரைப் பார்த்துச் சிரித்தார். மகிழ்ச்சியில் எழுந்த சிரிப்பல்ல அது. மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டறிந்தபோது, இந்தக் கோலத்தில் அந்நியர் கண்ணில் பட்டதற்குக் கூசிச் சிரித்த சிரிப்பு என்று தெரிந்தது. அந்த மனிதரின் பெயரை அழகையா கேட்டுவைக்கவில்லை. அதைக் கடனாகவே எண்ணி எழுதினார்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து பிபிசி செய்தியாளர் மைக்கேல் பர்க் அனுப்பிய செய்திப்படம் ஒளிபரப்பான பிறகுதான் பிரிட்டன் மக்கள் பணத்தை வாரிக் கொடுத்தார்கள். கூச்சத்தை மதித்து கேமராவை மூடியிருந்தால் பலர் செத்திருப்பார்கள். உயிருக்கு முன்னால் கூச்சம் பெரிதா என்று கேட்பவரிடம், இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் அந்த நியாயம் உணவு இன்னும் வந்துசேராத இடத்துக்கு உரியது. அரிசி மண்டபத்துக்கு வந்துவிட்டது, வரிசையும் நிற்கிறது என்றால் படம் யாரை அழைக்கிறது? அது கொடுத்தவரின் கணக்கில்தான் சேர்கிறது. செலவுக்குச் சான்று வேண்டும் என்பார்கள். கையெழுத்துப் பட்டியல் சான்றாகாதா? அடுக்கிவைத்த மூட்டைகளின் படம் போதாதா? வாங்குபவரின் முகம் இல்லாமலும் கணக்கு நேராகும்.

தொலைவு குற்றத்தைக் குறைக்கும் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அந்தச் சோமாலிய மனிதரை லண்டனில் யாருக்குத் தெரியும் என்பது அந்த நினைப்பு. அந்தச் சிரிப்பு அதை உடைக்கிறது. அவர் கூசியது லட்சக்கணக்கான பார்வையாளர்கள் முன்னால் அல்ல, எதிரே நின்ற முன்பின் தெரியாத ஒருவர் முன்னால். தங்காக்கிலோ வெட்கம் இரட்டிப்பு. பார்ப்பவர் எல்லாரும் தெரிந்தவர்கள், நாளையும் அதே சந்தையில் எதிர்ப்படுவார்கள்.

கேட்டுவிட்டுத்தானே எடுக்கிறோம் என்ற பதிலுக்கு இங்கே மதிப்பில்லை. பை இன்னும் கொடுப்பவர் கையில் இருக்கும்போது "படம் எடுக்கலாமாம்மா?" என்று கேட்டால், எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? பசித்த வீட்டுக்கு அந்தச் சொல் கட்டுப்படியாகாது. அரிசியை முதலில் அவள் கையில் கொடுத்துவிடவேண்டும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போன பிறகு, பெயரையும் விசாரித்து, அப்போது கேட்கட்டும்.